வளரும் பிள்ளைகளுக்கு ஹெட்கியர்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைக்கு ஹெட்கியர் போடலாம் என்று பல் சீரமைப்பு மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகளில் பாதி, அந்தக் கம்பியைப் பார்த்த பயத்தில் வருபவை. மீதிப் பாதிதான் கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் அவை பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்துத்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

ஹெட்கியர் என்பது என்ன?

வாய்க்கு வெளியிலிருந்து விசை கொடுக்கும் பல் சீரமைப்புக் கருவி. ஆறு வயதையொட்டி முளைக்கும் மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டிலும் மெல்லிய உலோக வளையங்களை ஒட்டுவார்கள். ஒவ்வொரு வளையத்திலும் கன்னத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு சிறு குழாய் இருக்கும். பல் வரிசையைச் சுற்றி வளையும் கம்பி ஒன்றின் இரு முனைகளும் அந்தக் குழாய்களுக்குள் நுழையும். அதோடு நடுவில் பற்றவைக்கப்பட்ட தடித்த கம்பி உதடுகளுக்கிடையே வெளியே வந்து, இரு கன்னங்களையும் ஒட்டிப் பின்னோக்கிப் போகும். கழுத்துக்குப் பின்னாலோ தலையைச் சுற்றியோ போகும் பட்டையில் அதன் கொக்கிகளை மாட்டினால், பட்டையில் உள்ள ஸ்பிரிங் கம்பியைப் பின்னுக்கு இழுக்கும்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? வாய்க்குள்ளேயே ஒரு பல்லை நகர்த்த வேண்டுமென்றால் வேறு பற்களைப் பிடிமானமாகக் கொண்டுதான் இழுக்க முடியும். பிடிமானமாக நிற்கும் பற்களும் அந்த இழுப்பில் எதிர்த்திசையில் கொஞ்சம் நகரும். ஹெட்கியர் அந்தப் பிடிமானத்தைக் கழுத்துக்கோ மண்டைக்கோ மாற்றிவிடுகிறது. கழுத்து நகராது அல்லவா? முழு விசையும் மேல்தாடைக்கே போய்ச் சேருகிறது.

எந்தப் பிரச்சினைக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள்?

முக்கியமாக, மேல் பல் வரிசை கீழ் வரிசையைவிட அளவுக்கு மீறி முன்னால் இருக்கும்போது. பேச்சில் எத்துப்பல் என்கிறோமே, அதில் ஒரு வகை இது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறைப்படி மருத்துவர்கள் இதை இரண்டாம் வகைக் கடிப்புக் குறை என்பார்கள். மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் இடையே முன்பின்னாக 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இயல்பு. இத்தகைய பிள்ளைகளிடம் அது 7, 8 மில்லிமீட்டர் என்று போகலாம்.

வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மேல்தாடை எலும்பே முன்னால் வளர்ந்திருக்கலாம். மற்றவருக்கு மேல்தாடை சரியாக இருந்து கீழ்த்தாடை குட்டையாக இருக்கலாம். இன்னும் சிலருக்குத் தாடைகள் இரண்டும் ஒழுங்காக இருக்கும், விரல் சூப்பும் பழக்கத்தால் பற்கள் மட்டும் வெளியே சாய்ந்திருக்கும். தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துக் கோணங்களை அளப்பது இதைப் பிரித்தறியத்தான். ஹெட்கியர் நன்றாகப் பொருந்துவது மேல்தாடை எலும்பே முன்னால் வளர்ந்த பிள்ளைகளுக்கு. ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு நாள் ஆகும்?" என்பதல்ல, "குறை எந்தத் தாடையில் இருக்கிறது?" என்பதுதான்.

பல்லைத்தானே இழுக்கிறது? தாடை எலும்பு எப்படி மாறும்?

வளரும் வயதில் மேல்தாடை, பக்கத்து எலும்புகளோடு சேரும் இணைப்புகளில் புது எலும்பு சேரச் சேர முன்னோக்கியும் கீழ்நோக்கியும் வளர்கிறது. கடைவாய்ப் பற்கள் வழியாகப் பின்னோக்கிய விசை தொடர்ந்து வரும்போது அந்த வளர்ச்சி மட்டுப்படுகிறது. கீழ்த்தாடையை யாரும் தடுக்கவில்லை, அது தன் போக்கில் முன்னே வளர்ந்து இடைவெளியைக் குறைக்கிறது. கூடவே மேல் கடைவாய்ப் பற்களும் சற்றுப் பின்னுக்குப் போகின்றன. ஹெட்கியர் தாடையைப் பின்னால் தள்ளிவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். முன்னே ஓடுவதைத்தான் அது தாமதப்படுத்துகிறது. வளர்ச்சி நின்றுபோனவருக்கு எலும்பு அளவில் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான்.

எந்த வயது சரியானது?

சான்றிதழில் உள்ள வயதைவிட உடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். பிள்ளை மளமளவென்று உயரும் காலம் பெண்களுக்குச் சராசரியாக 10 முதல் 12 வயதிலும் ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு பின்னாலும் வரும். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே கழுத்து முள்ளெலும்புகளும் தெரியும். அவற்றின் வடிவத்தைப் பார்த்து வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிப்பார்கள், மணிக்கட்டு எக்ஸ்ரேயும் சிலர் எடுப்பதுண்டு. ஆறே மாதத்தில் சட்டை கையெட்டாமல் போனது, மகள் பூப்பெய்தியது போன்ற விவரங்களை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைப் போலவே அவையும் உதவும்.

ஏழெட்டு வயதிலேயே தொடங்கினால் இன்னும் நல்லதுதானே?

பலர் அப்படித்தான் நினைத்தார்கள், மருத்துவர்களும் சேர்த்து. 1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் புளோரிடாவிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சிறு வயதிலேயே ஹெட்கியரோ கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் கருவியோ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்போது எதுவும் செய்யவில்லை. முதல் சுற்று முடிவில் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் பதின்ம வயதில் கிளிப் போட்டு முடித்தபோது இரு தரப்புக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்கள் அதிக காலம் மருத்துவமனைக்கு அலைந்ததுதான் மிச்சம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. துருத்திய முன்பற்கள் விழுந்தால் உடையும். இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் முன்பல் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. முன்கூட்டியே சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் பல் உடைவது குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உறுதியானது. விளையாட்டில் அடிக்கடி விழும் பிள்ளை, உதடு மூடாமல் பல் வெளியே தெரியும் பிள்ளை, பல்லைச் சொல்லிக் கேலி செய்வதால் பள்ளிக்குப் போகவே தயங்கும் பிள்ளை, இவர்களுக்கு முன்கூட்டியே தொடங்குவதில் பொருள் உண்டு. மற்றவர்கள் காத்திருக்கலாம் என்பது என் கருத்து. காத்திருப்பது வேறு, பரிசோதிக்காமல் விடுவது வேறு. ஏழு வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கழுத்துப் பட்டை, தலைப்பட்டை என்று இரண்டு சொல்கிறார்களே, பிள்ளைக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாமா?

முடியாது. இழுக்கும் திசை மாறினால் பலனும் மாறும். கழுத்துப் பட்டை பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கிறது. கடைவாய்ப் பற்கள் சற்றுக் கீழே இறங்குவதால் முன்பற்களின் கடிப்பு திறந்துகொடுக்கும். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடியிருக்கும், குட்டை முகப் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. நீள முகம் உள்ள, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்திருக்கும் பிள்ளைக்கு இதையே மாட்டினால் குறை கூடிவிடும். அவர்களுக்குத் தலையின் பின்புறத்திலிருந்து மேல்நோக்கி இழுக்கும் பட்டைதான் சரி. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. அக்காள் போட்ட கருவியைத் தம்பிக்கு மாட்டிவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

எலும்பு வளர்ச்சியை மட்டுப்படுத்துவது நோக்கமென்றால் பொதுவாக 12 முதல் 14 மணி நேரம். விசை பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். கடைவாய்ப் பல் முன்னே நகராமல் பிடித்து வைப்பது மட்டுமே நோக்கமென்றால் நேரமும் விசையும் குறையலாம். மாலையில் மாட்டி, இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் கழற்றுவதுதான் வழக்கம். அது பிள்ளையின் வசதிக்காக மட்டுமல்ல. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது இரவுத் தூக்கத்தில்தான், பல் முளைப்பதும் அந்த நேரத்தில் கூடுதலாக நடக்கிறது.

இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வி முழுக்க இந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறது. விசையைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை விட்டுவிட்டு வார இறுதியில் நாள் முழுக்கப் போட்டு ஈடுகட்டவும் முடியாது. இரவு ஒன்பதரைக்கு மாட்டிக் காலை ஆறரைக்குக் கழற்றினால் ஒன்பது மணி நேரம்தான் ஆகிறது. விடுபடும் மூன்று மணி நேரத்தைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிப்பதே இல்லை. இரவு உணவு முடிந்து பல் தேய்த்ததும் மாட்டிவிட்டுப் பாடம் படிக்க உட்கார வைத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

பட்டைக்குள் நேரமானியை வைத்துப் பார்த்த ஆய்வுகளில், பிள்ளைகள் சொன்ன நேரத்தைவிட உண்மையில் போட்ட நேரம் குறைவாகவே இருந்தது. மருத்துவருக்கு நேரமானி இல்லாமலே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். ஒழுங்காகப் போடும் பிள்ளையின் கடைவாய்ப் பல் லேசாக ஆடும், கம்பி குழாய்க்குள் எளிதாக நுழையும், பட்டை பழுப்பேறியிருக்கும். மூன்று மாதம் கழித்தும் பட்டை கடையில் வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தால், அட்டவணையில் எழுதிவைத்த மணிக்கணக்கை யாரும் நம்பப்போவதில்லை.

பள்ளிக்கும் போட்டுக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். பள்ளி, விளையாட்டு, சைக்கிள், நீச்சல், சாப்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் கழற்றிவிட வேண்டும். கடைவாய்ப் பல்லில் ஒட்டிய வளையங்கள் மட்டும் இருக்கும், அவை வெளியே தெரியாது.

வலிக்குமா?

முதல் சில நாட்கள் கடைவாய்ப் பற்களில் அழுத்தமும், மெல்லும்போது கூச்சமும் இருக்கும். மென்மையான உணவு போதும். தேவைப்பட்டால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்குள் பழகிவிடும். ஆனால் விட்டுவிட்டுப் போடும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள் வலி திரும்ப வரும். "வலிக்கிறது, அதனால் போடவில்லை" என்பதும் "போடவில்லை, அதனால் வலிக்கிறது" என்பதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும்.

பத்து நாளைத் தாண்டியும் வலி குறையாவிட்டால், கம்பி கன்னத்திலோ ஈறிலோ குத்தினால், பட்டை படும் இடத்திலோ உதட்டோரத்திலோ அரிப்பும் தடிப்பும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குக் கொக்கி தோலில் படும் இடத்தில் தடிப்பு வரலாம். நகை, கைக்கடிகாரம் எதற்காவது முன்பு தோல் தடித்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்ணில் குத்திவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அரிது, ஆனால் நடந்திருக்கிறது, பார்வை போன பிள்ளைகளும் உண்டு. இதை மழுப்பிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

விபத்து பெரும்பாலும் இரண்டு விதங்களில் நடக்கிறது. ஒன்று, விளையாட்டாக யாராவது கம்பியைப் பிடித்து முன்னே இழுத்துவிட்டு விடுவது. பட்டை மாட்டியபடியே இருப்பதால் கம்பி உண்டிவில் கல்லைப்போல் முகத்துக்கே திரும்பி வரும். மற்றொன்று, தூக்கத்தில் கம்பி குழாயிலிருந்து நழுவுவது. வாய்க்குள் இருந்த முனைகளில் கிருமிகள் ஒட்டியிருக்கும். கண்ணில் பட்ட காயம் வெளிக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே கடுமையான தொற்று ஏற்படலாம், அபூர்வமாக அடிபடாத மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம். எனவே கம்பி கண்ணில் பட்டால், வலி இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குத்தியது வாய்க்குள் இருந்த கம்பி என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.

இவற்றைத் தடுக்கவே இன்றைய கருவிகளில் பாதுகாப்பு அமைப்புகள் வந்துள்ளன. பட்டையை அளவுக்கு மேல் இழுத்தால் அது தானாகவே கழன்றுகொள்ளும். கம்பி குழாயிலிருந்து நழுவாமல் பிடிக்கும் பூட்டு இன்னொன்று. முனைகள் மழுங்கிய கம்பிகளும் உண்டு. இரண்டு தனித்தனிப் பாதுகாப்புகளாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டை கழன்றுகொள்வதை உங்கள் கண்முன் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் ரப்பர் பட்டையோடு கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. மாட்டும்போது முதலில் கம்பி, பிறகு பட்டை. கழற்றும்போது முதலில் பட்டையின் இரு பக்கக் கொக்கிகளும், பிறகு கம்பி. பட்டை மாட்டியிருக்கையில் கம்பியை ஒருபோதும் வெளியே இழுக்கக் கூடாது. தம்பி தங்கைகளிடமும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். காலையில் எழும்போது கம்பி கழன்று கிடந்தால், அது ஒரே ஒரு முறையாக இருந்தாலும், போடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைத் திட்டமிட்ட அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடக் கூடாது.

இதைப் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?

மல்லாந்து படுப்பது எளிது. ஒருக்களித்துப் படுக்கும் பிள்ளைகளும் சில நாட்களில் பழகிவிடுவார்கள், மென்மையான தலையணை உதவும். குப்புறப் படுக்கும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், கம்பியின் மேல் எடை விழுந்து அது வளைந்துவிடும்.

சாப்பாடு, சுத்தம்?

ஒட்டும் மிட்டாய், சூயிங்கம், கடினமான பண்டங்கள் வளையத்தைப் பெயர்த்துவிடும். வளையத்தின் விளிம்பில், ஈறையொட்டி, இரவில் கவனமாகத் தேய்க்க வேண்டும். தளர்ந்த வளையத்துக்கு அடியில் உணவு தங்கினால் பல் சத்தமில்லாமல் சொத்தையாகும், எனவே வளையம் ஆடுவதாகத் தோன்றினால் காத்திருக்காதீர்கள். கம்பியைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், பட்டையை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் துவைத்து உலர்த்துங்கள்.

எங்கள் பிள்ளைக்குக் கீழ்த்தாடைதான் முன்னால் இருக்கிறது. அதற்கும் இதுவா?

அதற்குத் திசை நேர்மாறு. நெற்றியிலும் முகவாயிலும் பதியும் சட்டம் ஒன்றை முகத்துக்கு முன்னால் மாட்டி, வாய்க்குள் உள்ள கொக்கிகளிலிருந்து ரப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னோக்கி இழுப்பார்கள். மேல்தாடை வளர்ச்சி குன்றியிருப்பதால் வந்த குறைக்கு இது பலன் தரும்.

மேலே காத்திருக்கலாம் என்று சொன்னது இதற்குப் பொருந்தாது. மேல்தாடை இணைப்புகள் இறுகுவதற்கு முன், 7 முதல் 10 வயதுக்குள் தொடங்குவதே நல்லது. பிரிட்டனில் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்றில், ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கே தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று மதிப்பிட்டார்கள். பெறாதவர்களில் அது 66 சதவீதம். கீழ்த்தாடையே அதிகம் வளரும் குடும்பங்களில் பதின்ம வயதில் குறை திரும்பலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது பழைய காலத்து முறை இல்லையா? வேறு வழியே கிடையாதா?

பழையதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நார்மன் கிங்ஸ்லி பயன்படுத்தினார். பிறகு வந்த ஆங்கிள், வாய்க்குள் மாட்டும் ரப்பர் வளையங்களே போதும் என்று ஒதுக்கிவிட்டார். 1940களில் சைலஸ் க்ளோன் கழுத்துப் பட்டையோடு அதை மீண்டும் கொண்டுவந்தார். இப்போது அதன் பயன்பாடு மறுபடியும் குறைந்து வருகிறது. ஹெட்கியர் வேலை செய்யவில்லை என்பதல்ல காரணம், பிள்ளைகள் போடுவதில்லை என்பதே.

கீழ்த்தாடை குட்டையாக இருந்தால், அதை முன்னே நகர்த்திக் கடிக்கவைக்கும் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவிகளையோ, கழற்ற முடியாத ஹெர்ப்ஸ்ட் கருவியையோ பலர் முதலில் பார்க்கிறார்கள். பிடிமானம் மட்டுமே தேவையென்றால் எலும்பில் பதிக்கும் சின்னத் திருகுகள் ஹெட்கியரின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் சிறு பிள்ளைகளின் எலும்பில் அவை எளிதில் தளரும். வளர்ச்சி முடிந்தவர்களுக்கு, முன்கடைவாய்ப் பற்களை எடுத்து முன்பற்களை உள்ளே கொண்டுவருவது ஒரு வழி, குறை மிகப் பெரிதென்றால் தாடை அறுவை சிகிச்சை.

பிள்ளை போடவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

முதலில், தொடங்கும் முன்பே அவனைக் கேட்டீர்களா? பெற்றோரும் மருத்துவரும் பேசி முடித்துவிட்டுப் பிள்ளையிடம் அறிவித்தால் இந்தச் சிகிச்சை நன்றாகப் போவதில்லை. என்ன செய்யப் போகிறது, எத்தனை மாதம், போடாவிட்டால் என்ன மாற்று என்பதை மருத்துவர் அவனிடமே சொல்லட்டும். முதல் வாரம் இரவில் மட்டும், பிறகு மாலையிலும் என்று படிப்படியாகக் கூட்டலாம். நேரத்தை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். குறைத்து எழுதினால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரத்திலிருந்து பொய்க் கணக்குதான் வரும்.

மூன்று, நான்கு மாதம் முயன்றும் நடக்கவில்லையென்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வேறு கருவிக்கு மாறுவது நல்லது. வளர்ச்சிக் காலம் காத்திருக்காது. வீட்டில் தினமும் சண்டை போட்டுக்கொண்டே ஓராண்டைக் கடத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

எப்போது நிறுத்தலாம்? அதோடு சிகிச்சை முடிந்துவிடுமா?

நன்றாக ஒத்துழைக்கும் பிள்ளைக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகும். கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்தியதும் ஒரே நாளில் நிறுத்தாமல், இரவு மட்டும் என்று குறைத்துக்கொண்டு வருவார்கள். வளர்ச்சி இன்னும் மிச்சமிருக்கும் பிள்ளையிடம் பழைய போக்கு தலைகாட்டும் என்பதால் அந்த இரவு நேரப் பயன்பாடு சில மாதங்கள் நீளலாம்.

பெரும்பாலோருக்கு அடுத்து கிளிப் உண்டு. ஹெட்கியர் தாடைகளின் உறவைச் சரிசெய்கிறதே தவிர, கோணலாக முளைத்த முன்பல்லைத் திருப்பி வைக்காது. பாற்பற்கள் எல்லாம் விழுந்து நிரந்தரப் பற்கள் வரும்வரை இடையில் ஓர் இடைவெளி விடுவார்கள். அந்தக் காலத்திலும் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள். கிளிப் கழற்றிய பிறகு பற்களை நிலைநிறுத்தும் ரிடெய்னர் தனியாக உண்டு. மொத்தச் செலவையும் காலத்தையும் விசாரிக்கும்போது இந்த மூன்றையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.